செத்த பிறகும் சர்வே செய்த கவர்னர்

ஏற்காட்டைப் பற்றி இன்டர்நெட்டில் தேடினால் ஒரு அதிசயத் தகவல் முன்னால் வந்து நிற்கும். மெட்ராஸ் மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ இந்த மலையை முதன்முதலில் சர்வே செய்தது 1842-ல். ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சிக்கல், மனிதர் 1827 ஜூலை 6-ம் தேதியே பத்திகொண்டாவில் காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்துப் பதினைந்து வருஷம் கழித்தும் டியூட்டிக்கு வந்த கவர்மென்ட் ஊழியர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்!

கிண்டல் பண்ணவும் மனசு வரவில்லை. சேலம் சீமை அவருக்குப் புதுசல்ல. 1792-லிருந்து ஏழு வருஷம், கர்னல் ரீடுக்கு உதவியாளராக பாராமகாலில் குதிரை தேய அலைந்து வரி போட்டவர். கடைசிக் காலத்தில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வேறு ஆளை அனுப்புங்கள், நான் ஊருக்குப் போகிறேன். பர்மா யுத்தம் குறுக்கே வந்தது. யுத்தம் முடிந்தது, ரிலீவர் வரவில்லை. மனைவியும் உடம்பு சரியில்லாத குழந்தையும் 1826-லேயே கப்பலேறிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்து காத்திருக்கத் தெரியாத மனுஷன், போவதற்குள் பழைய ஜில்லாக்களை ஒரு ரவுண்டு பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். அங்கேதான் காலரா. அடுத்த கவர்னர் அக்டோபரில் சாவகாசமாக வந்து சார்ஜ் எடுத்துக்கொண்டார்.

அந்த நாளில் சேலத்துக்குக் கலெக்டர் எம்.டி. காக்பர்ன். வரியும் அவர்தான், போலீஸும் அவர்தான், மாஜிஸ்திரேட்டும் அவர்தான். ஒரு தாக்கீது போட்டால் ஜில்லாவே எழுந்து நிற்கும். அவர் மலைக்கு வந்தார், குளிரில் சொக்கிப்போனார், பேரிக்காய், ஆப்பிளோடு காபியையும் நட்டார். காபிச் செடி எழுந்து நிற்கவில்லை.

அது யாருக்கும் எழுந்து நிற்காது. மூன்று நாலு வருஷம் கழித்துத்தான் முதல் மகசூல் கண்ணில் காட்டும். அதற்குப் பிறகாவது ஒழுங்காக இருக்குமா? தை, மாசி, பங்குனி முழுக்க மொட்டு வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். கோடையில் ஒரு மழை விழ வேண்டும். தோட்டக்காரர்கள் பாஷையில் பூ மழை. அதுவும் நன்றாக இறங்க வேண்டும். சும்மா மண்ணை நனைத்துவிட்டுப் போகிற தூறல் வந்தால் மொட்டு ரெண்டுங்கெட்டானாக நின்று கெட்டுப்போகும். சரியாகப் பெய்தால் பத்து நாளில் மலை முழுக்க வெள்ளைவெளேரென்று மல்லிகை வாசனை. அப்பாடா என்று உட்காரலாமா? கூடாது. சில வாரத்துக்குள் இன்னொரு மழை வந்தால்தான் பிஞ்சு நிற்கும். அப்புறமும் பழம் சிவக்க எட்டு ஒன்பது மாசம். வானத்துக்குத் தாக்கீது அனுப்ப எந்த கலெக்டருக்கும் அதிகாரம் கிடையாது. இந்த மலையில் தெய்வ நம்பிக்கையை வளர்த்ததில் மடாதிபதிகளைவிடக் காபிச் செடிக்கே பங்கு ஜாஸ்தி என்பது என் அபிப்பிராயம்.

தைரியசாலிகளின் கதை வேறு. காக்பர்ன் கட்டிய கிரேஞ்ச் பங்களாவை 1857-ல், சிப்பாய்க் கலகம் இங்கேயும் வந்துவிடுமோ என்ற பயத்தில், கோட்டையாக மாற்றினார்களாம். பீரங்கி வைத்து, நிலவறையில் ஆறு மாசத்துக்குச் சாப்பாடு அடுக்கினார்களாம். நம்மவர்கள் லாக்டவுனுக்கு முந்தின நாள் ரவை வாங்கிய வேகம் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆண்டவரை நம்பியவர்கள்தான். திங்கட்கிழமைக்கு மட்டும் பீரங்கி. கடைசியில் கலகக்காரர்கள் எவரும் வரவில்லை. மெட்ராஸ் பட்டாளம் பெரும்பாலும் கம்பெனி பக்கமே நின்றுவிட்டது. அத்தனை ஏற்பாட்டையும் பார்க்க ஒரு எதிரிகூட மலையேறாதது பெரிய அவமானம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் வெகுகாலம் முன்னாலேயே, மலையாளிப் பழங்குடிகளின் சாமி சேர்வராயன் உச்சியில், 5,300 அடிக்கு மேலே, குகைக்குள் காவேரியம்மனோடு குடியிருந்தார். மே மாசம் திருவிழா. குகை தாழ்வானது. குனியாமல் உள்ளே போக முடியாது. ஆறடி துரையானாலும் தலையைத் தாழ்த்தினால்தான் தரிசனம். விறைப்பாகப் போனால் நெற்றியில் பாறையே பிரசாதம் கொடுத்துவிடும்.

இப்போதும் ஏப்ரல் மாசம் ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் போனால் பூ மழைக்கான அந்தக் காத்திருப்பைப் பார்க்கலாம். தோட்டக்காரர் போனில் மூன்று வெதர் ஆப். ஒன்று எண்பது பர்சென்ட் மழை என்கிறது, இன்னொன்று நாளைக்கு என்கிறது, மூன்றாவது லோடு ஆகிக்கொண்டே இருக்கிறது. வானத்தில் பொட்டு மேகமில்லை. கடைசியில் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பவரிடம் கேட்கிறார்.

"என்ன மேஸ்திரி, மழை வருமா?"

"சாமி இருக்குதுங்க. வர்றப்ப வருமுங்க."

ஃபோர்காஸ்ட் என்றால் இதுதான் ஃபோர்காஸ்ட். இதுவரை ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.