பிடிக்குப் பிடித்த சனி

நயினார்கோவில் பக்கம் ஒருவர் புது அரிவாள் வாங்கி வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய அரிவாளுக்குப் பிடி மாற்றப் போகிறேன் என்று சொன்னால் போதும், தெருவே கூடிவிடும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அப்படித்தான் ஒரு நாள் டீக்கடையில் வாயைக் கொடுத்தார்.

அது அவருடைய அப்பா புழங்கிய அரிவாள். அலகில் குறையே இல்லை. பிடிதான் வெடித்து, அதன் மேல் சைக்கிள் டியூப், அதன் மேல் செம்புக் கம்பி, அதற்கும் மேல் வாத்தியாரம்மா ஒட்டிய பிளாஸ்திரி என்று மூன்று தலைமுறை வைத்தியம் பார்த்திருந்தது.

அலகைப் பற்றி டீக்கடையில் மறுபேச்சே இல்லை. அது திருப்பாச்சேத்திச் சரக்கு. சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரும் வழியில் இருக்கும் அந்த ஊர்ப் பட்டறைகளில் பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்து அரிவாளாக்குவார்கள். லாரியின் பாரத்தையே தாங்கிய ஸ்பிரிங் எஃகு அது. தோய்ச்சல் சரியாக அமைந்தால் கூர் நின்று பேசும். கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு ஆளுயர அரிவாள் செய்து வாங்குகிறவர்களும் அங்கேதான் போகிறார்கள். சாமி அரிவாளில் பட்டறைக்காரருக்கு ஒரு நிம்மதி உண்டு: பிடி கையில் உறுத்துகிறது என்று சாமி திரும்பி வருவதில்லை.

சண்டையெல்லாம் பிடியில்தான் தொடங்கியது.

“மான்கொம்புல போடுங்க மாமா, கம்பீரமா இருக்கும்” என்றார் ஒரு மாப்பிள்ளை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைவிடக் கம்பீரமானது என்பதை வாத்தியார் எடுத்துச் சொன்னார். கீழக்கரைப் பக்கம் சொந்தம் உள்ள இன்னொருவர் ஆமை ஓட்டைச் சிபாரிசு செய்தார். கடலாமைக்கும் அதே சட்டம்தான். அப்புறம் வந்தது பனை. வைரம் பாய்ந்த பனங்கட்டை நல்ல யோசனைதான். ஆனால் பனை மாநில மரம். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது. ‘பொருள்: அரிவாளுக்குப் பிடி போடுதல் தொடர்பாக’ என்று தொடங்கும் மனுவோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நிற்பதை வாத்தியார் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். டீ ஆறிவிட்டது.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவர் பட்டறை ஆசாரி. “வாத்தியாரய்யா, நாட்டுக் கருவேலங்கட்டை போதும். வண்டிச் சக்கரத்துக்கே தாங்குற மரம், உங்க கைக்குத் தாங்காதா?” கட்டையில் துளையிட்டு, அரிவாளின் வாலைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்கினால் அது தன் இடத்தைத் தானே சுட்டுக்கொள்ளும். வாயில் இரும்புப் பூண். வேலை முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். துபாயில் இருக்கும் மகன் போனில் உறைக்கு வந்தான். தோலில் தைத்து, அப்பா பெயரைப் பொறித்து, இடுப்பில் மாட்டுகிற மாதிரி வேண்டுமாம். கூடவே படங்களையும் அனுப்பினான். ஒன்றில் குடகு நாட்டு மாப்பிள்ளை. அகன்ற ஒடிக்கத்தியை முதுகுப் பக்கம் பித்தளைக் கொக்கியில் மாட்டியிருந்தார். இன்னொன்று கடலுக்கு அந்தப் பக்கம் கண்டிச் சீமையில் பிரபுக்கள் வைத்திருந்த ‘பிஹா கெட்ட’ கத்தி. பிடியிலும் அலகிலும் வெள்ளி, பித்தளை வேலைப்பாடு. உறையில் கத்தியோடு ஓலையில் எழுதும் எழுத்தாணியையும் செருகி வைப்பதுண்டு. அந்தக் கத்திகளில் பல இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு வெட்டுகிற வேலை இல்லை.

“இதெல்லாம் எதுக்குடா? சாயல்குடிப் பக்கம் போய்ப் பாரு” என்றார் வாத்தியார். அங்கே பனையேறிகள் பாளை அரிவாளைப் போட்டுக்கொள்ளும் அரிவாள் பெட்டி, உள்ளூர்க்காரர் கண்ட தனிப்பயன் உறை. இடுப்பின் பின்பக்கம் கட்டியிருப்பதால் மரத்தை அணைத்து ஏறும்போது இடிக்காது. உச்சியில் நின்றபடி கண்ணால் பார்க்காமலே எடுக்கலாம். பாளையை மெல்லிசாகச் சீவும் அந்த அரிவாள் சவரக்கத்திக்கு இணையானது. அது உறையில்லாமல் மேலே போனால் பதநீர் இறங்காது, ஆள்தான் இறங்குவார்.

மகன் விடவில்லை. சட்டம் உதவிக்கு வந்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மட்டை வெட்டும் அரிவாள் விவசாயக் கருவி, சந்தேகமில்லை. அதையே பெயர் பொறித்த தோலுறையில் இடுப்பில் மாட்டிக்கொண்டு பரமக்குடி பஸ் ஏறினால், முள் வெட்டப் போகிறேன் என்பதை எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? 2021-இல் அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கும்படி பட்டறைக்காரர்களுக்குக் காவல்துறையே சொன்னது. ஆசாரியும் நோட்டை எடுத்தார்.

“பேரு, ஊரு தெரியும். எதுக்குன்னு போட?”

“பிடிக்குன்னு போடுங்க.”

“அரிவாளுக்குத்தான் கேப்பாங்க.”

“அது எங்க அப்பா வாங்குனது.”

“அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க” என்றார் ஆசாரி, சிரிக்காமல்.

ஒருவழியாகத் தோலுறை வந்தது, பெயர் மட்டும் இல்லாமல். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று செய்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட உப்பும் அதில் தங்கியிருக்கும்; இந்தக் கடற்கரைக் காற்றும் சேர்ந்தால் அலகு துருவேற வெகுநாள் ஆகாது. உறை எடுத்துப்போக மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் அரிவாளை வெளியே எடுத்து, தேங்காயெண்ணெய் தடவி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் செருகிவிடுங்கள்.