அதிக ஓட்டு, ஆனால் தோல்வி

கேள்வி: அதிக ஓட்டு வாங்கியும் அமெரிக்காவில் தோற்பது எப்படி? (வாசகர், சேத்தியாத்தோப்பு)

பதில்: அதிபரை 538 தேர்வாளர்களே முடிவு செய்கிறார்கள், 270 பேர் கிடைத்தால் வெற்றி. அநேகமாக எல்லா மாநிலங்களிலும் ஓட்டில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும். அதனால் 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டில் முந்தியும் தோற்றார். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள். நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கு 54. தலைக்குக் கணக்குப் போட்டால் வயோமிங்காரரின் ஓட்டுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு எடை. குடியாட்சியில் இது அப்பட்டமான அநீதி.

மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம் கோயில் கல்லில் நன்கொடையாளராகப் பெயர் பொறிக்கப்பட்ட கமலா ஹாரிஸின் கதை வேறு: 2024இல் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட டிரம்ப்பே மக்கள் ஓட்டிலும் முந்தினார், தேர்வாளர் கணக்கு 312க்கு 226. இந்தத் தேர்வாளர் முறையை மாற்ற 1969இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தம், 1970இல் செனட்டில் முடங்கியது.