கல்லையும் கண்டேன், ஊரையும் கண்டேன்

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்குப் போகிறோம். ‘ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்காமல் வராதீர்கள்’ என்று தெருவே சொல்லி அனுப்புகிறது. நீங்கள் மட்டும் ஏவ்பரி, ஏவ்பரி என்று எழுதுகிறீர்கள். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. எதற்குப் போகலாம்?
– மயிலாப்பூர் தம்பதி

பதில்: ஸ்டோன்ஹெஞ்சில் டிக்கெட் வாங்கி, ஷட்டில் பஸ் ஏறி, கயிறு கட்டிய பாதையில் தள்ளி நின்று பார்த்துவிட்டு நகர வேண்டும். திருப்பதி ஜரகண்டி தரிசனம்தான். போட்டோ பிரமாதமாக வரும்.

ஏவ்பரியும் அதே வில்ட்ஷயர் மாவட்டம், இன்னும் வடக்கே. கல்வட்டத்துக்குள் நுழையக் காசு கிடையாது, கயிறு கிடையாது. கல்லில் முதுகைச் சாய்த்து உட்காரலாம், செம்மறி ஆடு எழுந்து இடம் கொடுத்தால். சுமார் 4,500 ஆண்டுப் பழசு. வெளிவட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 330 மீட்டர். ஒரு காலத்தில் அதில் நூறு கல் அளவுக்கு நின்றிருக்கிறது. உள்ளே சின்னதாக இன்னும் இரண்டு வட்டங்கள். இன்று பாதிகூடத் தேறாது.

தலைக்கு மேல் விட்டம் வைத்த கல் வாசலை எதிர்பார்த்துப் போனால் உதட்டைப் பிதுக்குவீர்கள். யார் கட்டினார்கள் என்பதைவிட யார் இடித்தார்கள், எப்படி இடித்தார்கள் என்பதில் உங்களுக்கு ருசி உண்டென்றால் யோசிக்கவே வேண்டாம். ஏவ்பரிதான்.

கேள்வி: கார் இல்லாதவன் எப்படிப் போவது? அங்கே சாப்பாடு கிடைக்குமா?
– பெர்மிங்ஹாமில் படிக்கும் மதுரைக்காரன்

பதில்: ரயிலில் ஸ்விண்டன். அங்கிருந்து டிவைசஸ் பக்கம் போகும் பஸ் ஏவ்பரியிலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கற்களோடு ராத்தங்கல். சாப்பாட்டுக்கு வட்டத்துக்குள்ளேயே ரெட் லயன் என்று கூரை வேய்ந்த ஒரு பப் இருக்கிறது. ஆதிமனிதன் எழுப்பிய கல்வட்டத்தின் நடுவே உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடும் பாக்கியம் வேறு எங்கே கிடைக்கும்?

கேள்வி: ஜான் ஆப்ரி என்பவர் 1649-ல் ஏவ்பரியைக் கண்டுபிடித்தார் என்று படித்தேன். அதுவரை இத்தனை பெரிய வட்டம் ஒருவர் கண்ணிலுமா படவில்லை?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

பதில்: ஊருக்கே நடுவில் இருக்கிறது சார், எப்படிப் படாமல் போகும்? ஊர்க்காரன் தினம் தாண்டிப் போகிற கல்லை, வேட்டைக்குக் குதிரையில் வந்த கனவான் பார்த்தால் அதற்குப் பெயர் கண்டுபிடிப்பு. ஆனாலும் ஆப்ரியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மனுஷன் பார்த்ததோடு விடவில்லை. அளந்தார், வரைந்தார். 1663-ல் இரண்டாம் சார்லஸ் மன்னரையே கூட்டிவந்து காட்டினார். ஸ்டோன்ஹெஞ்ச் இதன் முன்னால் ஒன்றுமில்லை என்கிற கட்சியை ஆரம்பித்தவரே அவர்தான். அடியேன் அந்தக் கட்சியின் கடைசித் தொண்டன்.

கேள்வி: இதையெல்லாம் வேற்றுக் கிரகவாசிகள் கட்டியதாக யூட்யூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறாரே?
– ப்ளஸ் டூ மாணவர், தேனி

பதில்: வட்டத்தைச் சுற்றியுள்ள பள்ளம் முதலில் ஒன்பது மீட்டர் ஆழம் வரை வெட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் அடிவரை தோண்டிப் பார்த்தபோது கிடைத்த ஆயுதம், மான் கொம்பு. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பறந்து வரத் தெரிந்தவன் கையில் ஒரு கடப்பாரையாவது கொண்டுவந்திருக்க மாட்டானா?

கேள்வி: ஒவ்வொன்றும் பல டன் எடை என்கிறீர்கள். அந்தக் கற்களை உடைப்பது என்ன லேசா? எந்தப் படை வந்து இடித்தது?
– சிவில் இன்ஜினீயர், நாமக்கல்

பதில்: படை எதுவும் வரவில்லை. உள்ளூர்க்காரர்கள்தான். அதுவும் இரண்டு தவணையாக.

முதல் தவணை பதினான்காம் நூற்றாண்டுவாக்கில். கல்லின் அடியில் குழி பறித்து, சாய்த்து, உள்ளே தள்ளி, மண்ணை மூடிவிட்டார்கள். கிறித்தவ ஊரின் நடுவே இந்தப் பழைய கற்கள் எதற்கு என்ற பயமாக இருக்கலாம், உழ இடம் வேண்டியும் இருக்கலாம்.

இரண்டாவது தவணை பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிப் பதினெட்டில் உச்சத்துக்குப் போனது. அப்போது கல்லுக்குக் கிராக்கி: வீடு கட்ட வேண்டும், வயலைச் சீர் செய்ய வேண்டும். சார்சன் என்கிற அந்த மணற்பாறை சம்மட்டிக்கு மசியாது. அதனால் பக்கத்தில் குழி வெட்டிக் கல்லை அதில் சாய்த்தார்கள். சுற்றிலும் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தினார்கள். கல் நன்றாகப் பழுத்ததும், எங்கே பிளக்க வேண்டுமோ அந்தக் கோட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் கல் விரிசல் விடும். அதே கோட்டில் சம்மட்டி இறங்கும். நெருப்பு மூட்டிப் பாறை பிளக்கும் நம் ஊர்க் கல் உடைப்பவர்களுக்கு இது புது வித்தை இல்லை.

இத்தனையும் நமக்குத் தெரிவது வில்லியம் ஸ்டூக்லி என்ற மருத்துவரின் புண்ணியத்தில். 1719-லிருந்து வருஷா வருஷம் ஏவ்பரிக்கு வந்து, கற்கள் உடைபடுவதைக் கண்ணால் பார்த்து, எந்தக் கல்லை யார் உடைத்தார் என்று பெயரோடு எழுதி வைத்தார். டாம் ராபின்சன் என்பவருக்கு ‘கல்கொல்லி’ என்று பட்டமே கொடுத்துவிட்டார். பக்கத்து ஓவர்டன் குன்றில் இருந்த ‘சாங்க்சுவரி’ என்ற இன்னொரு வட்டம் அவர் காலத்திலேயே, 1724 வாக்கில், அடியோடு போனது. தடுக்க முடியவில்லை, படம் வரைந்தார். 1930-ல் மாட் கன்னிங்டன் என்ற பெண்மணி அந்த இடத்தை மீண்டும் தோண்டிக் காட்டியபோது ஸ்டூக்லியின் குறிப்புதான் வழிகாட்டி.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. கல்லுக்குப் பயந்து புதைத்தவர்கள் அதைக் காப்பாற்றிவிட்டார்கள். பயம் தெளிந்து கணக்குப் பார்த்தவர்கள்தான் அழித்தார்கள். உடைந்ததும் எங்கும் போய்விடவில்லை. ஏவ்பரித் தெருவில் நடக்கும்போது வீட்டுச் சுவர்களை, வட்டத்துக்குள்ளேயே நிற்கும் சின்ன சேப்பலின் சுவரை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறச் சார்சன் துண்டுகள். வட்டத்தில் பாதி சுவரில் இருக்கிறது.

கேள்வி: கல்லுக்கு அடியில் நாவிதர் ஒருவர் சிக்கிச் செத்தாராமே! கல்லின் சாபமா?
– குடும்பத்தலைவி, காரைக்குடி

பதில்: 1938-ல் புதையுண்ட ஒரு கல்லை எடுத்தார்கள். அடியில் ஓர் ஆணின் எலும்புக்கூடு. பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல், சத்திரசிகிச்சைக் கருவி போல ஓர் இரும்பு ஊசி, 1320-களை ஒட்டிய சில வெள்ளிக் காசுகள். அந்தக் காலத்தில் முடி வெட்டுகிறவரே கட்டி கீறிவிடுவார், பல்லும் பிடுங்குவார். ஆக, ஊர் ஊராகப் போகும் நாவித வைத்தியர், கல்லைச் சாய்க்கக் கை கொடுத்தார், அது இவர் மேலேயே சாய்ந்தது என்று கதை முடிந்தது. மற்றவர்கள் மிரண்டுபோய்ப் புதைக்கிற வேலையையே நிறுத்திவிட்டார்கள் என்று கதைக்கு வாலும் முளைத்தது.

எலும்புக்கூடு லண்டனில் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரிக்குப் போனது. 1941-ல் ஜெர்மன் குண்டு அந்தக் கட்டடத்தில் விழுந்தது. மனுஷன் இரண்டாம் தடவையும் நசுங்கினார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பார்த்தால், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறார். மறுபடி ஆராய்ந்ததில் எலும்பில் நசுங்கிய அடையாளமே இல்லை. செத்த பிறகு அங்கே வைத்துப் புதைத்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். சாபம் தள்ளுபடி. ஆனால் வழிகாட்டிகள் இன்னமும் பழைய கதையைத்தான் சொல்வார்கள். கல் விழுந்து செத்தவர் கதைக்குக் கூட்டம் நிற்கும், வெறுமனே புதைக்கப்பட்டவர் கதைக்கு நிற்காது.

கேள்வி: நண்பர் அனுப்பிய போட்டோவில் கற்களுக்கு நடுவே குட்டையாகச் சிமெண்ட் கட்டைகள் தெரிகின்றன. அதுவும் ஆதிமனிதன் வைத்ததா?
– கோவை வாசகர்

பதில்: இல்லை, மார்மலேட் வைத்தது. டண்டீ நகரத்தில் ஆரஞ்சுப் பழ மார்மலேட் விற்றுக் கொழித்த கெய்லர் குடும்பத்தின் வாரிசு அலெக்சாண்டர் கெய்லர். அந்தப் பணத்தில் ஏவ்பரி நிலங்களை வாங்கி, 1930-களில் தோண்டி, புதைந்திருந்த கற்களை எடுத்து அவை இருந்த குழியிலேயே நிறுத்தினார். உடைத்துக் கொண்டுபோன கல்லின் குழி மட்டும் கிடைத்த இடங்களில் ஒரு காங்கிரீட் கட்டை. ‘இங்கே ஒன்று இருந்தது’ என்பதற்கு அடையாளம்.

அழகில்லை என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். என் ஓட்டு கட்டைக்குத்தான். போலிக் கல் ஒன்றைச் செய்து நட்டிருந்தால் பாதிப் பேர் அதைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்திருப்பார்கள். கட்டை பொய் சொல்வதில்லை. வெளிவட்டத்தின் மேற்குப் பாதியில் கல், கட்டை, கட்டை, கல் என்று எண்ணிக்கொண்டே நடங்கள். போனது எவ்வளவு என்பது காலுக்கே தெரியும்.

கேள்வி: கல்லை நிறுத்துவதற்காகக் கெய்லர் ஜனங்களின் வீடுகளை இடித்தாராமே. இது என்ன நியாயம்?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: வட்டத்துக்குள் இருந்த சில வீடுகளையும் கொட்டகைகளையும் இடித்தது உண்மை. வீட்டை இழந்தவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே குடியிருப்பு கொடுத்தார்கள். முப்பாட்டன் கல்லை உடைத்து வீடு கட்டினான், பேரன் வீட்டை உடைத்து எதிரே கல் எழும்பியது. எனக்கு இதில் கெய்லர் பக்கம் முழுசாக நிற்க முடியவில்லை. நல்லவேளை, போர் வந்து வேலை நின்றது. 1943-ல் மொத்த நிலத்தையும் நேஷனல் டிரஸ்டுக்கு 12,000 பவுனுக்குக் கொடுத்துவிட்டார். அவர் கை படாத வீடுகளில் இன்றும் ஜனங்கள் இருக்கிறார்கள், துணி உலர்கிறது, லாரி ஓடுகிற சாலை வட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அந்த லாரிச் சத்தம் இருக்கட்டும் என்பதே என் தீர்ப்பு.

கேள்வி: ட்ரூயிட் பூசாரிகளின் கோயில் என்கிறார்களே?
– திருவண்ணாமலை வாசகி

பதில்: அதுவும் ஸ்டூக்லியின் உபயம். அவ்வளவு கவனமாக அளந்தவர், பிறகு பாதிரியாராகி, 1743-ல் வெளியிட்ட புத்தகத்தில் மொத்த அமைப்பையும் ட்ரூயிடுகள் கட்டிய பாம்பு வடிவக் கோயில் என்று முடித்தார். ட்ரூயிடுகள் வருவதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கற்கள் நின்றுகொண்டிருந்தன. அந்தக் காய்ச்சல் கப்பலேறி நம் ஊட்டி வரை வந்தது. 1847-ல் கேப்டன் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி நீலகிரியின் கல்வட்டங்களை ட்ரூயிட் சின்னங்களோடு ஒப்பிட்டு, தோடர்களைச் சித்தியர் வம்சம் என்று எழுதினார். எருமை மேய்த்துக்கொண்டிருந்த தோடர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேள்வி: அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கும் குழந்தையின் எலும்பை இந்தக் கால ட்ரூயிடுகள் திருப்பிக் கேட்டது நிஜமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: நிஜம். பக்கத்து விண்ட்மில் குன்றில் கெய்லர் தோண்டி எடுத்த சின்னக் குழந்தை அது. ‘சார்லி’ என்று செல்லப் பெயர். 2006-ல் புதைக்கக் கொடுங்கள் என்று மனு போட்டார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, 2010-ல் மறுத்தார்கள். ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய குழந்தைக்கு யார் உறவு என்று எந்த ஆபீஸும் சான்றிதழ் தர முடியாது. ஆனாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றபோது மனுதாரர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: நம் ஊரில் இல்லாத கல்வட்டமா? வெள்ளைக்காரன் வட்டத்துக்கு ஏன் இத்தனை பக்கம்?
– ஈரோடு வாசகர்

பதில்: ஈரோட்டுக்காரர் கேட்கலாம், உங்கள் மாவட்டத்திலேயே கொடுமணல் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு. ஏவ்பரி, ஊர் கூடும் சடங்குக்கானது, இடுகாடு இல்லை. நம்முடையவை இரும்புக் கால ஈமச்சின்னங்கள். சில மீட்டர் அகலத்தில் உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் பலகைக் கற்களால் கற்பதுக்கை. அதில் ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை. உள்ளே கருப்பு சிவப்புப் பானை, இரும்பு வாள், மணி. கொடுமணலில் ஒரே குழியில் சூதுபவள மணிகள் ஈராயிரத்துக்கு மேல் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் துணிபு.

ஊரில் கேட்டால் பாண்டவர் குழி என்பார்கள். மலபாரில் இவற்றைத் தோண்டிய பாபிங்டன் 1823-லேயே ‘பாண்டு குழி’ என்று கட்டுரை எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருஷ வனவாசத்தில் பாண்டவர்கள் வேறு வேலையே பார்க்கவில்லை போலிருக்கிறது.

உடைப்பதிலும் நாம் சளைத்தவர்கள் இல்லை. 1958-ம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்கின்றன. பட்டியலில் ஏறாத கல்வட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதற்கு வைக்கோலும் தண்ணீரும் வேண்டாம், ஒரு ஜேசிபியும் அரை நாளும் போதும். ஸ்டூக்லி மாதிரி பெயரோடு எழுதி வைக்கத்தான் ஆள் வேண்டும்.

கேள்வி: கல்லைக் கட்டிப்பிடித்தால் உடம்பில் ஒரு சக்தி பாயுமாமே. நீங்கள் பிடித்துப் பார்த்தீர்களா?
– யோகா ஆசிரியை, புதுச்சேரி

பதில்: பிடித்தேன். சட்டையில் பாசி பாய்ந்தது.

கேள்வி: இன்னும் மண்ணுக்குள் கற்கள் இருக்கின்றன என்றால் தோண்டி நிறுத்த வேண்டியதுதானே? என்ன தயக்கம்?
– சிவில் இன்ஜினீயர், நாமக்கல் (மறுபடியும்)

பதில்: கெய்லர் பெரும்பாலும் தொடாத கிழக்குப் பாதியில் 2003-ல் கருவி வைத்துத் தரைக்கடியில் பார்த்தார்கள். பதினைந்து கல் வரை படுத்த நிலையில் தெரிந்தது. மேலே நிற்கும் கல்லில் ஒருமுறை பெயிண்ட் பூசிவிட்டுப் போன புண்ணியவான்களும் உண்டு, கீழே இருப்பவற்றுக்கு எழுநூறு வருஷமாக ஒரு கீறலும் விழவில்லை. எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தாகிவிட்டது. தூக்கி நிறுத்தினால் போட்டோ எடுக்க ஒரு கல் கூடும். அதற்காகக் குழியில் இருக்கும் பழைய மண்ணைக் கலைக்க எந்த ஆராய்ச்சியாளரும் அவசரப்பட மாட்டார். இன்ஜினீயர்கள்தான் அவசரப்படுகிறார்கள்.