சர்க்கரைதானே, சீனி இல்லையே!

அத்தைக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டு உணவுப் பரிசோதகர் நான்தான். சம்பளம் கிடையாது. யாரும் நியமிக்கவும் இல்லை.

மாத்தளைக்காரிக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுப்பதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். கறுவாப்பட்டையை முறித்து மோந்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் கடைக்காரர் தராசைத் தூக்குவதற்குள் பிடித்துவிடுவார். எழுத்துத் தேவைப்படாத மூக்கு அது. ஆனால் பிஸ்கட் பெட்டியை மோந்தால் அட்டை வாசம் மட்டுந்தான் வருகிறது. ஆகவே லேபிள் படிக்கக் கற்றுக்கொடுக்க இறங்கினேன்.

முதல் பாடம் நிறம். இலங்கையில் 2016 ஆகஸ்டில் குளிர்பானங்களுக்கு நிறக்குறி வந்தது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் செம்மஞ்சள். பிறகு 2019ஆம் ஆண்டின் விதி பிஸ்கட் போன்ற திண்ம உணவுகளையும் பிடித்தது. சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் தனித்தனி நிறம்.

"சிவப்புப் பொட்டு இருந்தா தொடாதீங்க அத்தை."

முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேர் பார்த்துவிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு அப்போதுதான் வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லட்சணமா பொட்டு வச்சிருக்கு. அதப் போயி கூடாதுங்கிறியே தம்பி!"

இரண்டாம் பாடம் எழுத்து. வாய்வழியாக வந்த பௌத்தத் திரிபிடகத்தைப் பிக்குமார் முதன்முதலில் ஓலையில் எழுதிய இடம் என்று போற்றப்படும் அலுவிகாரை எங்கள் டவுனிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பிக்குமார், படிக்கிறவர் கண்ணையும் நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். பிஸ்கட் பெட்டிக்கு எழுதுகிறவர் எறும்பை நினைத்து எழுதுகிறார். பூதக்கண்ணாடி வைத்து ஒரு வரியைப் பிடித்தோம்: 'நிறைவுற்ற கொழுப்பு'.

"நிறைவா இருக்குன்னு போட்டிருக்கு. நல்லதுதானே?"

என்ன சொல்ல? இதயத்துக்கு ஆகாத சாமானுக்குக் கலியாண வீட்டு வாழ்த்து மாதிரி ஒரு பெயர். அடுத்தது ஒரு நூடில்ஸ் பக்கட், 'சோடியம் 800 மில்லிகிராம்'. கல்சியம் மாதிரி ஏதோ எலும்புக்கு நல்லதென்று நினைத்து, ரெண்டாக எடுத்துவிட்டார். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் கணக்கு வரும். அதாவது 2 கிராம் உப்பு. பிரஷருக்கும் குளிசை போடுகிற மனுஷி. 'உப்பு' என்று மூன்று எழுத்தில் போட்டிருந்தால் கை தானாகவே பின்வாங்கியிருக்கும். கடைக்குள் நின்று யார் இரண்டரையால் பெருக்குகிறார்கள்?

மூன்றாவது நாள் பரீட்சை. தனியாகக் கடைக்கு அனுப்பினேன். முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். கையில் இந்தியாவிலிருந்து வந்த கிறீம் பிஸ்கட்.

"பாரு, பச்சைப் பொட்டு!"

பச்சைதான். சதுரக் கட்டத்துக்குள் பச்சை வட்டம். அது இந்தியாவில் சைவ உணவு என்பதற்குப் போடுகிற குறி. சீனியும் சைவந்தான், அதில் பிழை சொல்ல முடியாது. பெட்டியைத் திருப்பி, ஒட்டியிருந்த தமிழ் லேபிளை உரக்க வாசித்தேன்: "100 கிராமில் சர்க்கரை 34 கிராம்." எங்கள் விதிப்படி 22 கிராமைத் தாண்டினாலே சிவப்பு.

"சர்க்கரைதானே தம்பி, சீனி இல்லையே!"

பரிசோதகர் தோற்ற இடம் இதுதான். எங்களுக்குச் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற பழுப்பு நிறச் சாமான். வெள்ளையாக இருப்பது சீனி. வருத்தமும் சீனி வருத்தந்தான். சர்க்கரையும் கித்துள் கருப்பட்டியும் ஒன்றும் செய்யாது என்பது இங்கே பரம்பரை நம்பிக்கை. அதுவும் பிழைதான், இரத்தத்துக்கு நிறம் தெரியாது. ஆனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வெள்ளைச் சீனிக்கே சர்க்கரை என்று பெயர், வியாதியும் சர்க்கரை நோய். பாக்கு நீரிணையைத் தாண்டும்போது சீனி கள்ளப் பாஸ்போட்டில் பெயரை மாற்றிக்கொண்டு வந்து இறங்குகிறது. அத்தை தன் தமிழில் சரியாகத்தான் படித்தார்.

அந்தப் பெட்டியைப் பறிமுதல் செய்தேன். பாதியைப் பிள்ளைகள் தின்றார்கள். மீதிப் பாதியைப் பற்றிப் பரிசோதகர் எதுவும் சொல்வதற்கில்லை.

லேபிளுக்குத் தமிழ் எழுதுகிற ஐயாமாரே, அம்மாமாரே, இலங்கைக்கு வருகிற பெட்டியில் 'சீனி' என்றே போடுங்கள். சோடியத்துக்குப் பக்கத்தில் 'உப்பு' என்றும் ஒரு சொல் வையுங்கள். அத்தைக்கு அடுத்த கிளினிக் இன்னும் மூன்று கிழமையில்.