போப்பாண்டவரும் மடவைக் கருவாடும்

ஐரோப்பாவிலிருந்து எங்கள் பக்கம் சும்மா வந்தவன் எவனும் இல்லை. போர்ச்சுகீசியர் 1515-லேயே பழவேற்காட்டில் மகிமை மாதாவுக்குக் கோவில் எழுப்பினார்கள் என்கிறார்கள். டச்சுக்காரர் 1613-ல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணி வியாபாரம் பண்ணிப் பணத்தை அள்ளினார்கள். இன்றைக்குக் கோட்டை இருந்த இடத்தில் முள்ளுப்புதர். மாதாவுக்கு மட்டும் திருவிழா தவறுவதில்லை. நாங்கள் வேதக்காரர் இல்லை. ஆனாலும் கங்கையம்மனுக்கும் மாதாவுக்கும் ஆயா வைத்திருந்தது ஒரே வேண்டுதல் கணக்குதான்.

ஆகவே, 1986 பிப்ரவரி 5-ம் தேதி போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் சென்னை சாந்தோமுக்கு வருகிறார் என்றதும் வீட்டில் கலவரம். அன்றைக்கு ஏரியில் எங்கள் பாடு, அதாவது மீன்பிடிக்கும் முறை. முறை தவறினால் வலை கட்டும் இடம் அடுத்தவனுக்கு. இறால் ஓடும் காலம் வேறு. நைனா அசையவில்லை.

"பாடு திரும்ப வரும். போப்பு வருவாரா?" என்றாள் ஆயா. ஏரி முகத்துவாரம் மண்மூடித் தூர்ந்துபோவதைப் பற்றி அவரிடமே நேரில் முறையிடுவதாகத் திட்டம். தமிழில்தான்.

கடைசியில் நைனாவின் பாட்டைச் சித்தப்பா பார்த்துக்கொள்ள, பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். நொச்சிக்குப்பத்துச் சொந்தக்காரர்களுக்கென்று ஆயா ஒரு மூட்டை மடவைக் கருவாடு கட்டியிருந்தாள்.

சாந்தோமில் எள் போட்டால் விழாத கூட்டம். 1981-ல் வாட்டிகன் சதுக்கத்திலேயே போப்பாண்டவரைச் சுட்டிருந்தார்கள். 1984-ல் இந்திரா காந்தி. போலீஸ்காரர்களுக்கு மூட்டை என்றாலே வயிற்றைக் கலக்கியது. ஒருவர் ஆயாவின் மூட்டையைப் பிரித்தார். அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போம்மா, போம்மா" என்று முன்னே தள்ளிவிட்டார். சுற்றியிருந்த பக்தகோடிகளும் தாராளமாக விலகினார்கள். பாஸ் வைத்திருந்த பெரிய மனிதர்களுக்குக் கிடைக்காத முதல் வரிசை எங்களுக்கு.

வண்டி வந்தது. வெள்ளை அங்கி, தூக்கிய கை. ஆயா "சாமி, முகத்துவாரம்..." என்று வாயைத் திறப்பதற்குள் புனித தோமையார் கல்லறையை நோக்கிப் போயே போய்விட்டார். அன்றைக்கே ராஜாஜி மண்டபத்தில் மற்ற மதத் தலைவர்களோடும் அவருக்குச் சந்திப்பு இருந்தது. அங்கே யாரும் முகத்துவாரத்தைக் கிளப்பியிருக்க மாட்டார்கள்.

"என்னையே பாத்தாருடா" என்று ஆயா ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கருவாட்டப் பாத்திருப்பாரு" என்றார் நைனா.

"பாக்கட்டுமே. தோமையாரோட கூட இருந்த மொதப் போப்பு ராயப்பரே வலை இழுத்தவருதான். இவருக்குத் தெரியாத நாத்தமா?"