கைக்கருவி நீங்கு படலம்

பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்பவன் கையிலிருக்கும் கருவியை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதை நம் இலக்கணிகள் தொடவே இல்லை. அக்குறை நீக்கவே இச்சிற்றாய்வு.

முதல் நூற்பா: கருவியின் போதாமை அக்கருவியால் அறியப்படாது. அஃதாவது, எந்தக் கருவியும் ‘என்னால் ஆகாது’ என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அது யாங்ஙனம் எனின், ஆர்டுயினோ உனோவின் ஒரு பின்னில் பி.டபிள்யூ.எம். பாதியளவு ஓடுகிறது என்று கொள்க. மல்ட்டிமீட்டரை டி.சி.யில் வைத்துத் தொட்டால் 2.5 வோல்ட் என்று கூசாமல் காட்டும். அந்தப் பின்னிலோ 2.5 வோல்ட் நின்றதே இல்லை. நொடிக்குச் சுமார் 490 முறை பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் தாவிக்கொண்டிருக்கிறது. மீட்டர் சராசரியைச் சொன்னது, அவ்வளவே. யாரோ எழுதிய நிரலை அப்படியே ஏற்றியவனோ, ‘அஞ்சு வோல்ட் வர்ற இடத்துல பாதிதான் வருது, போர்டு போச்சு’ என்று முடிவுகட்டி, புது போர்டு வாங்க ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறுகிறான். ஆசிலாஸ்கோப்பைத் தேட வேண்டிய தருணம், அவன் செருப்பு மாட்டிய தருணமே என்பது எம் துணிபு.

பிரெட்போர்டுக்கு இலக்கணம் வேறு. விரலால் அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும் என்ற நிலை வந்தபின் விரலும் சர்க்யூட்டின் உறுப்பாகிவிட்டது. விரலையும் சேர்த்து சால்டர் வைக்க முடியாதாகலின், டாட் போர்டுக்கு மாறுவதே முறை. (ரப்பர் பேண்ட் போடுவாரும் உளர். அது வழு, வழுவமைதியாகக் கொள்ளவும் இடமில்லை.)

இனி சால்டரிங் அயர்ன். 63/37 ஈயக்கம்பி 183 டிகிரி செல்சியசில் உருகும். 25 வாட் அயர்னுக்கு அது பெரிய காரியமன்று. ஆனால் அகன்ற கிரவுண்டுச் செம்பு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள, ஈயம் பற்றாமல் உருண்டு நிற்கும். அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அப்பொறுமையின் பயன், பேட் பெயர்ந்து கையோடு வருதல். அகன்ற முனையும் 60 வாட்டும் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

வயரைப் பல்லால் உரிக்கும் மரபைப் பல் மருத்துவர்கள் ஆராய்ந்துகொள்க.

ஆசிலாஸ்கோப்பை வாங்கித் துணி போட்டு மூடி வைத்திருக்கும் அன்பர்கள், ஞாயிற்றுக்கிழமையாவது அக்கம்பக்கத்தாருக்கு இரவல் தருமாறு இவ்வாய்வாளன் பணிவுடன் வேண்டுகிறான். புரோப்பையும் சேர்த்தே தரவும்.