மூன்றாவது ஓட்டை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் எப்போதும் ஒரு ஜோடி நீல வார் ரப்பர் செருப்பு கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும். வெறுங்காலோடு கைப்பிடியைத் தொட்டால் முழங்கை வரைக்கும் சுருக்கென்று ஏறும். விருந்தாளிகள் தண்ணீர் எடுக்கப் போனால், "செருப்பைப் போட்டுட்டு எடுங்க" என்று அம்மா கூடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி, சமையலறையில் போடச் சொல்லும் வீடு உறையூரிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு விசாரித்ததில், எங்கள் தெருவிலேயே நாலு வீடு தேறியது.

இருபது வருடமாக இதை நாங்கள் கோளாறு என்று நினைத்ததில்லை. ஃப்ரிட்ஜின் சுபாவம் என்று நினைத்தோம். அது கோளாறுதான் என்று கண்டுபிடித்துச் சொன்னது ஒரு கார்.

போன வருடம் மின்சாரக் கார் வாங்கினேன். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து நம்பர் பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. அதைவிடக் குளிர்ச்சி, ஷோரூம் தம்பி சொன்ன வார்த்தை: "சார்ஜர் ஃப்ரீ சார். வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்துடுவோம்." "பொண்ணை மட்டும் அனுப்புங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லும் சம்பந்தி வீட்டார் எவ்வளவு செலவு வைப்பார்கள் என்பது என் தங்கை கல்யாணத்திலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் 'ஃப்ரீ' என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் பட்டறிவெல்லாம் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறது.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் வர இரண்டு வாரம் ஆகும், அதுவரை இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று காரோடு ஒரு ஒயர் கொடுத்திருந்தார்கள். ஒரு முனையில் மூன்று கால் பிளக், மறுமுனையில் பெட்ரோல் பங்க் துப்பாக்கி மாதிரி ஒன்று, நடுவில் செங்கல் அளவு ஒரு பெட்டி. முதல் நாள் ராத்திரி அதை ஜன்னல் வழியாக இழுத்து ஏ.சி. பிளக்கில் செருகினேன். செங்கல்லில் சிவப்பு விளக்கு எரிந்தது. கீசர் பிளக்கில் செருகினேன், சிவப்பு. கிரைண்டர் பிளக், மோட்டார் பிளக், எல்லாம் சிவப்பு. ஒரே ஸ்கேனை ஊரிலுள்ள எல்லா டாக்டரிடமும் காட்டுவதுபோல, வீட்டிலுள்ள பதினைந்து ஆம்ப் பிளக் அத்தனையிலும் காட்டிப் பார்த்தேன். தீர்ப்பு மாறவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லாம்ப்போடு வந்தார். ஒரு ஒயரை ஃபேஸிலும் இன்னொன்றை நியூட்ரலிலும் வைத்தார், பல்பு எரிந்தது. நியூட்ரலிலிருந்து எடுத்து மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் வைத்தார். பல்பு ஊமையாகிவிட்டது.

"எர்த் இல்ல சார். மூணாவது ஓட்டை அழகுக்குத்தான் இருக்கு."

"இவ்வளவு நாள் எல்லாம் ஓடுச்சே?"

"ஃப்ரிட்ஜ், மிக்ஸியெல்லாம் எர்த் இல்லாட்டியும் ஓடும். கார் ஓடாது. அது முதல்ல எர்த் இருக்கான்னு பார்க்கும். அப்புறம்தான் கரண்டை உள்ளே விடும்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 1989இல் அவர் முன்னால் நின்று கட்டிய வீடு. "பச்சை ஒயர் போட்டதை என் கண்ணால பார்த்தேன் தம்பி" என்றார். பொய்யில்லை. பச்சை ஒயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனோம். மீட்டர் பலகைக்குப் பின்னால் இறங்கி, ஒரு சாண் இரும்புக் குழாய்த் துண்டில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. குழாய் அங்கேயே முடிந்துபோயிருந்தது.

அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தானாம். தண்ணீர் வரும் ஜி.ஐ. குழாய் மண்ணுக்குள் நீளமாக ஓடும் இரும்பு. பச்சை ஒயரை அதில் கட்டிவிட்டால் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். 2004இல் தண்ணீரில் துரு வருகிறதென்று நான்தான் குழாயையெல்லாம் பி.வி.சி.யாக மாற்றினேன். பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாது. பிளம்பர் விட்டுப்போன பழைய குழாய்களை இரும்புக் கடையில் போட்டு நானூற்றுச் சொச்சம் வாங்கி வந்து, எப்படி என் சாமர்த்தியம் என்று பெருமை வேறு பேசினேன். வீட்டின் எர்த்தை எடைக்குப் போட்டவன் நான்தான். செருப்பு ஃப்ரிட்ஜ் முன்னால் வந்ததும் அந்த வருடம்தான் என்று அம்மா நினைவுபடுத்தினாள்.

காம்பவுண்டு ஓரமாக எட்டடி ஆழத்துக்கு இரண்டு குழி தோண்டினார்கள். துளை போட்ட ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு என்று கொட்டிக்கொண்டே வந்தார்கள். கரி ஈரத்தைப் பிடித்துவைக்குமாம், உப்பு கரண்டுக்கு வழிவிடுமாம். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "கரி, உப்பு சரி. மிளகாய் வேண்டாமா?" என்றாள்.

"திருஷ்டி இல்லம்மா, எர்த்."

"ரெண்டும் ஒண்ணுதான். எவன் கண்ணோ பட்டுத்தான் உன் கார் சிவப்பா முழிக்குது."

வெயில் காலத்தில் குழிக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். துளசிக்கு ஊற்றும்போது இதற்கும் ஊற்றுவதாக அம்மா ஏற்றுக்கொண்டாள்.

எர்த் வந்ததும் மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று ஒன்றை மாட்டினார்கள். அது கண்டிப்பான மளிகைக்கடை அண்ணாச்சி மாதிரி. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் அந்த நொடியே கடையைச் சாத்திவிடும். மனுஷன் உடம்பு வழியாகக் கசிந்தாலும் அப்படித்தான், அதனால் உயிர் பிழைக்கும். எங்கள் வீட்டில் அண்ணாச்சி முதல் நாளிலேயே மூன்று தடவை கடையைச் சாத்தினார். ஃப்ரிட்ஜ் போட்டால் சாத்தினார், கீசர் போட்டால் சாத்தினார், மோட்டார் போட்டால் படாரென்று சாத்தினார். குடும்பத்தில் இத்தனை பேர் திருடர்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. ஃப்ரிட்ஜுக்குள் ஒரு ஒயரின் தோல் உரிந்து தகரத்தில் உரசிக்கொண்டிருந்ததாம்.

அடுத்து, இலவச சார்ஜரை மாட்ட ஆட்கள் வந்தார்கள். மீட்டர் வாசலில், கார் கொல்லையில். நேராக அளந்தால் ஏழு மீட்டர்தான். ஆனால் ஒயர் நேராகப் போகாது. சுவரேறி, பூஜை அறையை வலம் வந்து, பவழமல்லியைச் சுற்றிக்கொண்டு இறங்கியதில் 23 மீட்டர் ஆனது. சார்ஜர் மட்டுமல்ல, முதல் சில மீட்டர் கேபிளும் இலவசம்தான். பூஜை அறை தாண்டியதிலிருந்து என் கணக்கு. அதோடு, இரண்டு ஃபேனும் நாலு பல்பும் ஒரு மிக்ஸியும் ஓட வாங்கிய பழைய சிங்கிள் ஃபேஸ் இணைப்பு இந்தச் சார்ஜருக்குத் தாங்காது. த்ரீ ஃபேஸுக்கு எழுதிக் கொடுத்தேன்.

கடைசியில் டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன். சார்ஜர்: 0 ரூபாய். கேபிள்: 10,600. எர்த் குழி இரண்டு: 13,000. த்ரீ ஃபேஸும் கூடுதல் லோடும்: 19,500. அண்ணாச்சியும் அவர் பரிவாரமும் புதுப் பெட்டியும்: 8,200. ஃப்ரிட்ஜ், கீசர், மோட்டார் வைத்தியம்: 4,900. கொத்தனார், உடைந்த டைல்ஸ்: 6,300. டீ, வடை: 740. ஆக மொத்தம் 63,240 ரூபாய்க்கு ஒரு இலவச சார்ஜர்.

மனதைத் தேற்றிக்கொள்ள மின்சாரக் காரின் சரித்திரத்தைப் படித்தேன். பெட்ரோல் காரை உலகத்துக்கே விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, 1914ஆம் வருடத்து 'டெட்ராய்ட் எலக்ட்ரிக்' என்ற பேட்டரிக் காரைத்தான் ஓட்டினாராம். அவர் வீட்டில் எர்த் குழி தோண்ட என்ன ஆனது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு எதிர்வீட்டு மாமா வந்து பார்த்தார். வேலையிலிருந்த காலத்தில் பெங்களூரில் இருந்தவர். "2001லேயே அங்கே ரேவா காரைச் சாதாரண பதினைஞ்சு ஆம்ப் பிளக்குலதான் சொருகுவாங்க தம்பி. நீ திருவெறும்பூர் போய் வர்றது முப்பது கிலோமீட்டர். அஞ்சு யூனிட் ஆகுமா? சாதா பிளக்குல ஒன்றரை மணி நேரத்துல ஏறிடும். விடிய விடிய நிக்கிற காருக்கு இவ்வளவு பெரிய சார்ஜர் எதுக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எர்த் எப்படியும் வேண்டும். மற்றதெல்லாம், மாமாவே வந்து பார்க்க வேண்டும் என்று போட்டதுதான்.

அப்பாவின் துக்கம் வேறு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முதல் 100 இலவசம், 500க்குள் இருந்தால் கட்டணம் மலிவு, தாண்டினால் யூனிட் 8.55, 600ஐத் தாண்டினால் 9.65 என்று அவருக்கு மனப்பாடம். வாரா வாரம் மீட்டரைப் பார்த்து தினசரிக் காலண்டரில் எழுதி, 480இல் நிறுத்திவிடுவார். காருக்குக் கரண்ட் எடுத்தால் கடைக் கட்டணம் போடுவார்களோ என்று முதலில் பயந்தார். வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின் அமைச்சகமே 2022 ஜனவரி நெறிமுறையில் சொல்லியிருக்கிறது என்று காட்டியதும் சமாதானமானார். பில் வந்ததும் சமாதானம் போய்விட்டது. 740 யூனிட். ஆயிரத்து எழுநூறு கட்டிய கை நாலாயிரத்து முந்நூறு கட்டியது. பெட்ரோலில் ஏழாயிரத்துக்கு மேல் மிச்சம், ஒன்றரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று விளக்கினேன். ஆனால் பெட்ரோல் செலவு காலண்டரில் ஏறியதே இல்லை. எழுதாத செலவு அப்பாவுக்குச் செலவே அல்ல.

போன வாரம் அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "டேய், ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு போலிருக்கு. மறந்துபோய் வெறுங்காலோட தொட்டுட்டேன், ஒண்ணுமே பண்ணலை."

திறந்து பார்த்தேன். பால் ஜில்லென்று இருந்தது. இனி இது தேவையில்லை என்று செருப்பை எடுத்துக் கொண்டுபோய் வாசலில் போட்டேன்.

மறுநாள் காலையில் அது பழைய இடத்திலேயே கிடந்தது. என்னம்மா இது என்றேன்.

"கிடக்கட்டும்டா. நீ மறுபடி எப்ப எடைக்குப் போடுவியோ."